கால் நூல் வித்தியாசம்

உங்கள் மேசைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறியில் பேரிங் போய்விட்டது, ஐயா. நேற்றுக் காலையிலிருந்து கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து உங்களுக்கு எப்படித்தான் வேலை ஓடுகிறதோ, எனக்கு ஓடவில்லை. ஒரு ஸ்டூலும் ஸ்பேனரும் கொடுத்தால் அரை மணியில் சரிசெய்துவிடுவேன். ஏட்டையாவிடம் கேட்டேன். "சும்மா இரும் வே. முதல்ல உம்ம கதையை எழுதும்" என்றார். சரி, எழுதுகிறேன்.

அவர் எழுதிவைத்திருந்த வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் உண்டு. அதில் 'பிரேக் பழுதானதால்' என்று இருந்தது. பிரேக் பழுதாகவில்லை. நான் எப்படிச் செய்துவைத்தேனோ அப்படியே வேலை செய்தது. இருபத்திரண்டு வருடமாக வண்ணார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கிறவன், தன் கைவேலையைப் பழுது என்று சொல்லும் காகிதத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவான்? அதனால்தான் வெள்ளைத் தாள் கேட்டேன்.

என் பெயர் நாறும்பூநாதன். வண்டி, 1956ஆம் வருடத்து லேண்ட்மாஸ்டர். கறுப்பு. பாளையங்கோட்டை வக்கீல் முத்துசுப்பிரமணியன் சார் புதிதாக வாங்கியது. நான் பட்டறை போட்ட வருடமே அது என்னிடம் வந்தது. அன்று நான் மாற்றிய ஃபேன் பெல்ட்டின் பழசைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். எங்கள் தொழிலில் அது ஒரு வழக்கம். கழற்றியதைக் கண்ணில் காட்டினால்தான் புதிது மாட்டியிருக்கிறான் என்று நம்பலாம். மற்றவர்கள் கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் பழசையே துடைத்து மாட்டிவிடுவார்கள். நான் கேட்காமலே கொடுக்கிறவன். "யோக்கியன்டா நீ" என்றார் வக்கீல் சார். அந்தச் சொல்லுக்காகத்தான் இருபது வருடம் அந்த வண்டிக்கு உழைத்தேன் என்றால் பொய்யில்லை.

அதே வருடத்து வண்டி இன்னொன்று வள்ளியூரில் பழைய இரும்புக்குப் போக இருந்தது. அதை வாங்கிவந்து கொட்டகையில் பிரித்து வைத்திருக்கிறேன். வக்கீல் சார் வண்டியில் ஒரு கைப்பிடி உடைந்தாலும் அதிலிருந்து எடுத்துப் போடுவேன். அம்பாசிடர் சாமான் இதற்குப் பெரும்பாலும் சேரும், எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் நான் போட மாட்டேன். சேர்கிறதெல்லாம் சொந்தமாகிவிடுமா? கழுதைக்குச் சேணம் கட்டினாலும் கழுதைதானே.

போன வருடம் தை மாதம் வக்கீல் சார் காலமானார். பம்பாயிலிருந்து மகன் சாய்கிருஷ்ணன் வந்து வீட்டோடு தங்கினார். தகப்பனார் நாற்காலியில் உட்கார்ந்தார், தகப்பனார் வண்டியை ஓட்டினார். மூக்கும் நெற்றியும்கூட அவரேதான். பார்க்கிறவர்கள் அப்படியே அப்பா என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இடத்தில் அவர் சேர்ந்தார், அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, அம்பாசிடர் கார்ப்பரேட்டர் இதுல அப்படியே உக்காரும்னு சொல்றாளே. அதையே போட்டுடுங்கோ" என்றார் ஒரு நாள்.

"உக்காரும் சார். ஆனா கொட்டகையில இதுக்குள்ளதே கெடக்கு."

"அந்தக் குப்பையெல்லாம் எதுக்கு? ஃபிட் ஆனாப் போறும்."

போட்டேன். அடுத்து ஹாரன், அடுத்து முன்விளக்கு வளையம், பிறகு கதவுக் கைப்பிடிகள். அவர் சொன்னதையெல்லாம் என் கையாலேயே மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் அன்றைக்குச் சோறு இறங்காது. பட்டறையில் வேறு வண்டிக்கு அடியில் படுத்திருப்பேன், மனம் பாளையங்கோட்டையில் நிற்கும். கை நமநமவென்று இருக்கும். போய்க் கழற்றிவிட்டு வந்தால்தான் அடங்கும் என்று தோன்றும். இரண்டு முறை சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

சித்திரை முடியும் சமயம் அவர் வந்து, வண்டியில் டீசல் எஞ்சின் மாற்றப்போவதாகச் சொன்னார். ஏதோ வேனில் இருந்து எடுத்ததாம். வள்ளியூரில் ஒரு பட்டறைக்காரன் நன்றாகப் பொருந்தும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். திங்கட்கிழமை வண்டியை அங்கே விடவேண்டும். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை மாஞ்சோலை வரை ஒரு தரம் போய்வர ஆசை. "மலைப்பாதை ஆச்சே, பிரேக்கை மட்டும் பாத்துக் குடுங்கோ" என்றார்.

அந்த எஞ்சினை நான் மூன்று முறை பிரித்துக் கோத்திருக்கிறேன். அதன் சத்தத்தை வைத்தே வக்கீல் சார் எந்தத் தெருவில் வருகிறார் என்று சொல்வேன். அதைச் சங்கிலி போட்டுத் தூக்கி ஒரு மூலையில் கிடத்துவார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐம்பது வயதுக்காரன் பட்டறையில் நின்று அழுதேன். ஒரு நல்ல பயம் கண்டால் இந்த மனிதர் வண்டியையே வெறுத்துவிடுவார், எனக்கு விற்றுவிட்டுப் போய்விடுவார் என்று அப்போதுதான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை எஸ்டேட் பஸ்ஸில் மாஞ்சோலைக்குப் போய்வந்தேன். இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவாகப் பார்த்தேன். ஓர் இடத்தில் உள்பக்கம் மண்மேடும் அடர்ந்த உண்ணிச்செடியும் இருந்தன. அங்கே போய் முட்டினால் முன் பம்பர் வளையும், மற்றபடி வண்டிக்கு ஒன்றும் ஆகாது. பம்பர் கொட்டகையில் இருக்கிறது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கண்ணை மூடிக்கொண்டு செய்தேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

சனிக்கிழமை காலை அவர் வீட்டு முற்றத்திலேயே வேலை. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் இருக்கிற பிரேக் சிலிண்டரில் எண்ணெய் கசியாமல் தடுக்க ரப்பர் கப் ஒன்று உண்டு. போன வருடம் நானே போட்டவை, நன்றாக இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு வேறொரு வண்டியின் கப்பைப் போட்டேன். கால் நூல் சிறியது; அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல், அதிலும் கால். தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. பாளையங்கோட்டை ரோட்டில் நூறு தடவை மிதித்தாலும் பிடிக்கும். மலை இறங்கும்போது சூடு ஏறினால்தான் கசியும், கசிந்தால் மிதி தரைவரை போய்விடும். கைபிரேக்கை நான் தொடவில்லை. அதை இழுத்திருந்தால் வண்டி நின்றிருக்கும். வக்கீல் சாராக இருந்தால் இழுத்திருப்பார்.

கழற்றியதைத் துணியில் சுற்றினேன். சாய்கிருஷ்ணன் குளித்துக்கொண்டிருந்ததால் அவர் தாயார் வாலாம்பாள் அம்மாளிடம் கொடுத்தேன். "எல்லாம் சரியாயிடுத்தாப்பா?" என்று கேட்டார். "போட்டாச்சும்மா. பைய ஓட்டச் சொல்லுங்க" என்றேன். அந்த வார்த்தையையும் நான் சொல்லத்தான் செய்தேன்.

சாய்கிருஷ்ணனின் குழந்தை ஹம்ஸினி தகப்பனோடு போகப்போவது எனக்குத் தெரியாது. ஏட்டையாவிடம் இரண்டு தரம் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். தெரிந்திருந்தால் செய்திருப்பேனா?

நான் கணக்குப் போட்ட வளைவுக்கு இரண்டு வளைவு முன்னாலேயே மிதி இறங்கிவிட்டது. அங்கே மண்மேடு கிடையாது, பாறை. இடது மட்கார்டு போயிற்று. ரேடியேட்டர் போயிற்று. ஸ்டீயரிங் தண்டு உள்ளே வந்துவிட்டது. சாய்கிருஷ்ணன் அந்த இடத்திலேயே இறந்தார். எஞ்சின் பிளாக்கில் கீறல்கூட இல்லை, உங்கள் ஸ்டேஷன் வாசலில் வைத்துத் தொட்டுப் பார்த்தேன். பின்பக்கம் வலது கண்ணாடி மோதலில் உடைந்ததில்லை. பஸ்ஸில் வந்த தேயிலைத் தொழிலாளிகள் கதவை எவ்வளவு இழுத்தும் திறக்காமல், கல்லால் உடைத்துக் குழந்தையை எடுத்திருக்கிறார்கள். அதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டதாம். இன்னும் கண் திறக்கவில்லை என்கிறார்கள். சின்ன வயது, எலும்பெல்லாம் சேர்ந்துவிடும்.

காரியம் முடிந்த மறுநாள் வாலாம்பாள் அம்மாள் அந்தத் துணி மூட்டையை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொன்னீர்கள். "நாறும்பு குடுத்த சாமான். பழசுன்னு சொன்னான். எனக்கு ஒண்ணும் தெரியலை, பாருங்கோ" என்றாராம். டவுனில் வேறு மெக்கானிக்கை வைத்து அதையும் சக்கரத்தில் இருந்ததையும் அளந்திருக்கிறீர்கள். நல்லதைக் கழற்றிவிட்டுச் சிறியதை ஏன் போட்டான் என்று அவன் கேட்டிருக்கிறான். நீங்களும் என்னைக் கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள்: "அந்த ரப்பரைக் கால்வாய்ல எறிஞ்சிருந்தா நாங்க உம்ம பக்கமே வந்திருக்க மாட்டோமே வே." எனக்கு அது தோன்றவே இல்லை, ஐயா. கழற்றியதைக் கொடுக்காமல் ஒரு வேலையை நான் முடித்ததில்லை.

ஆக, சாய்கிருஷ்ணன் சாவுக்கு நான்தான் காரணம். ஒப்புக்கொள்கிறேன். வழக்கு முடிந்து வண்டியைக் கழித்துக்கட்டும் எண்ணமிருந்தால் எனக்குச் சொல்லியனுப்பவும். எல்லாச் சாமானும் கொட்டகையில் இருக்கின்றன.

வாலாம்பாள் அம்மாள் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதுதான் தாங்க முடியவில்லை. உப்பிட்ட வீட்டுக்கு, அதுவும் ஒரு பச்சைப் பிள்ளைக்கு, நான் கெடுதல் நினைப்பேனா? அவரிடம் இதை மட்டும் நீங்கள் சொல்லவேண்டும். சனிக்கிழமை எல்லாம் முடித்துக் கை கழுவியபிறகு, பின்பக்கம் வலது கதவின் பூட்டு தளர்ந்திருப்பதைப் பார்த்தேன். யாரும் சொல்லாமல் நானாகவே மறுபடி உட்கார்ந்து, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் இலேசில் திறக்காதபடி அதை இறுக்கிக் கொடுத்தேன். அந்த வளைவுகளில் பாப்பா கதவில் சாய்ந்தால் விழுந்துவிடக் கூடாதே என்று.