முன் சக்கரத்தில் ஈயக்குண்டு

கரியாலூர் பேருந்து கச்சிராயபாளையத்துக்கு முன்பே நின்றுவிட்டது. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் மடியில் ரிமோட்டில் ஓடும் பொம்மை லாரி இருந்தது.

“எங்க அண்ணி இதுக்கு மீன்வலை ஈயக்குண்டு போட்டுச்சுடா.”

“லாரிக்கு இன்னாத்துக்குடா ஈயக்குண்டு?”

“மோட்டார் மாத்தினேன், பெரிய பேட்டரி போட்டேன். அப்பவும் பாறையில ஏறசொல்ல மூக்கத் தூக்கிக்கினு மல்லாந்துடும். அண்ணி டிராக்டர் ஓட்டுற ஆளு. பார்த்துட்டு, ‘மோட்டாரு போதும், முன்னாடி கனம் பத்தல’ன்னுச்சு. முன் டயருக்குள்ள இருந்த ஸ்பான்ஜ எடுத்துட்டு குண்டு வச்சு ஒட்டுச்சு. இப்ப பல்லி மாதிரி ஏறுது.”

“ஒரு தடவ பார்த்தே கண்டுபுடிச்சுதா!”

“ஒரே தடவ.”

“கரியாலூர் பாறையில நீ ஓட்டிக் காட்டு, பாப்போம்.”

“ரிமோட்டு அண்ணிகிட்ட இருக்குது. நான் சும்மா தூக்கிக்கினு வர்ற ஆளு.”

“உங்க அண்ணி எங்க?”

“பஸ்ஸு நின்னவுடனே எறங்கிப் போயி மறியல்ல குந்திக்கிச்சு. மொத வரிசையில.”

“சீக்கிரம் எழுந்திரிக்குமா?”

அவன் லாரியின் முன் சக்கரத்தை விரலால் சுழற்றினான்.

“கனத்த எங்க வைக்கணும்னு தெரிஞ்ச ஆளுடா அது.”