ஆசிரியை ஜைத்தூன் பீவிக்குக் கொடுக்கப்படாத படிவம்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்ணெனக் கொண்டு, லாபிஸ் தோட்டப் பள்ளியில் அடியெடுத்து வைத்து, ஸ்கூடாயில் நம் தமிழ்ப்பள்ளியில் முப்பத்து நான்காவது பணியாண்டை நிறைவு செய்து, இன்று ஓய்வு பெறும் கணித ஆசிரியை திருமதி ஜைத்தூன் பீவி அவர்களே! பின்னத்தைப் பிள்ளைகளுக்குப் பிடித்த பாடமாக்கிய பெருந்தகையே! வாய்பாட்டைக் கண்டு வாடிய முகங்களை மலரவைத்த வித்தகியே! உடன் பணியாற்றிய ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் இந்த அவையின் நடுவே நின்று உங்களுக்குப் படித்தளிக்கும் மடல் இது.

இதுவரையிலான வரிகளை எழுத எனக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. துணைத் தலைமையாசிரியர் விஜயனாகிய நான் இந்தப் பள்ளியில் பத்தொன்பது பாராட்டு மடல் எழுதியவன். எதுகையும் மோனையும் கூப்பிட்ட குரலுக்கு வரும். உங்கள் மடலில் மட்டும் அடுத்த வரி வரவில்லை. மூன்று வாரமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் இதே நினைப்பு, கார் ஓட்டினாலும் இதே நினைப்பு. உங்களிடம் பதின்மூன்று ஆண்டுகளாக நாங்கள் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல், கண்ணாடிச் சட்டம் போட்ட இந்த மடலை உங்கள் கையில் கொடுக்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

முதல் வரைவில் உங்களை "அடக்கத்தின் உறைவிடமே" என்று விளித்திருந்தேன். மடல் குழுவில் இருந்த இளைய ஆசிரியை லோஷினி அந்த வரியில் விரலை வைத்தார்.

"சார், ஜெயபாலன் சார் ரிட்டையர் ஆனப்ப அவருக்கு இத எழுதினீங்களா?"

எழுதவில்லை. முன்னாள் தலைமையாசிரியர் ஜெயபாலன் அவர்களை "சிங்கமே" என்று விளித்தேன். அவர் உங்களைவிட அமைதியானவர் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் பேனாவை எடுத்து அடக்கத்தை அடித்தேன். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்பதில் பிடித்தது சண்டை.

"தலையில துடோங் போட்டுக்கிட்டே இவ்வளவு தூரம் வந்திருக்காங்கன்னு எழுதுங்க சார்," என்றார் குழுவில் இருந்த மூத்த ஆசிரியை பிரேமலா. "அவங்க மதத்துல பொம்பளைங்களுக்கு எவ்வளவு கட்டுப்பாடு. சொத்துல ஆம்பளைக்கு ரெண்டு பங்கு, பொம்பளைக்கு ஒரு பங்கு. ஆம்பளை நாலு கட்டிக்கலாம். அதையெல்லாம் தாண்டி வந்தவங்க இவங்க."

"கட்டுப்பாடுன்னு ஏன் சொல்றீங்க? பாதுகாப்புன்னு சொல்லுங்க," என்றார் இன்னொரு மூத்த ஆசிரியர் ராஜசேகரன். "நம்ம பொண்ணுங்கள விட அவங்க பொண்ணுங்க பத்திரமா இருக்காங்க. குடும்பம் கட்டுக்கோப்பா இருக்கு."

மலாய்மொழி கற்பிக்கும் ஆசிரியை நோர்ஹயாத்தி பதினோரு ஆண்டுகளில் நம்மிடம் கற்ற தமிழில் இருவரையும் மறித்தார். "ரெண்டு பேரும் தப்பு லா. படிக்கறது, சம்பாதிக்கறது, கல்யாணத்துக்குச் சம்மதம் கேக்கறது, எல்லாம் மதத்துல குடுத்திருக்கு. ஆளுங்கதான் குடுக்கறது இல்ல." அதற்குப் பிரேமலா, "அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார். "ஒண்ணு இல்ல," என்றார் நோர்ஹயாத்தி. இரண்டு நாள் ஆசிரியர் அறையில் தேநீர் ஆறிப்போனது. யாரும் யாருக்கும் ஊற்றிக் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் லோஷினிக்குப் பொறுமை போய்விட்டது. "நாலு பேரும் டீச்சரப் பத்தியே பேசுறீங்க. டீச்சர் மேல் மாடியிலதான இருக்காங்க. போய்க் கேட்டா என்ன?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த யோசனை எங்களில் யாருக்கும் அதுவரை வரவில்லை.

ஐந்தாம் ஆண்டு வகுப்பறைக்கு நாங்கள் கூட்டமாக வந்தபோது நீங்கள் பயந்துவிட்டீர்கள், எந்தப் பிள்ளைக்காவது அடிபட்டுவிட்டதோ என்று. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தீர்கள்.

"எந்த முஸ்லிம் பொம்பளையப் பத்தி எழுதப் போறீங்க? எங்க குடும்பத்துலயே நாலு பேரு இருக்கோம். ஒருத்தி சொல்றத இன்னொருத்தி ஒத்துக்க மாட்டா."

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னீர்கள். முகத்தையும் மூடிக்கொள்ளும் உங்கள் நாத்தனார் சொந்தமாகத் தையல் கடை நடத்துகிறார், ஆறு பேருக்கு வேலை கொடுக்கிறார், அவருக்கு எதிரில் நின்று பேச அவர் கணவரே யோசிப்பார். உங்கள் மகள் நஸ்ரின் பாசிர் கூடாங்கில் பெட்ரோ ரசாயன ஆலையில் ஷிப்ட் இன்ஜினியர். அவர் தலையை மூடுவதில்லை. "அதுல அவளுக்கும் எனக்கும் தகராறுதான் சார். பேசிப் பாத்துட்டேன், தோத்துக்கிட்டே இருக்கேன்," என்றீர்கள். நீங்களோ நாற்பது வயதில்தான் துடோங் அணியத் தொடங்கினீர்கள். "வீட்டுக்காரரு வேணாம்னுதான் சொன்னாரு. இந்த வெக்கையில எதுக்குன்னாரு. எனக்குத் தோணுச்சு, போட்டுக்கிட்டேன்."

நான்காமவரைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் குரல் மாறியது. உங்கள் தங்கை விவாகரத்துக்கு மனுப் போட்டவர். "அவ புருஷன் கேசுக்கு வராமலே மூணு வருசம் இழுத்தடிச்சான். மார்க்கத்துல அவளுக்கு வழி இருந்துச்சு. அந்த வழியில நடந்து முடிக்கறதுக்குள்ள அவளுக்குத் தலை நரைச்சுப் போச்சு. அப்ப எனக்கு வந்த கோவம் இன்னும் போகல. யார்மேலன்னுதான் தெரியல."

யாருடைய கட்சிக்கும் அந்தப் பதிலில் இடம் கிடைக்கவில்லை.

எங்கள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, பேச்சை மாற்றினீர்கள். "கேக்க வந்ததால இன்னொண்ணும் சொல்றேன். பொங்கலுக்கு எல்லாரும் வரிசையா இலை போட்டுச் சைவம் சாப்பிடுவீங்க. எனக்கு மட்டும் தனி மேசையில நாசி லெமாக் சோத்துப் பொட்டலம். இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. உங்க பாயாசத்தப் பாத்துக்கிட்டே அதத் தின்னேன். சாம்பார்ல எனக்கு ஆகாதது என்ன இருக்கு?" நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தப் பொட்டலத்தை மறக்காமல் வாங்கி வந்தவர் ராஜசேகரன். மரியாதை என்று நினைத்துச் செய்தார் மனிதர்.

சிரிப்பு அடங்கும் முன்னே நீங்கள் இதையும் சொன்னீர்கள்.

"எனக்குன்னு ஒரு வருத்தம்னா, துணைத் தலைமையாசிரியர் வேலைக்கு ஃபாரம் குடுத்தப்ப எனக்கு வரல. அந்த வருசம் என் வகுப்புல கணக்கு மார்க் கொஞ்சம் எறங்கிப் போச்சு. அதனாலதான் ஜெயபாலன் சாரு என்னைச் சேக்கலன்னு நெனச்சுக்கிட்டேன். பரவால்ல, அப்புறம்தான நான் ஒழுங்கா வேலை செய்ய ஆரம்பிச்சேன்."

அதற்குப் பிறகுதான் நீங்கள் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கினீர்கள். ஒன்றிரண்டு ஆண்டல்ல, பதின்மூன்று ஆண்டு. பின்தங்கிய பிள்ளைகளை உட்காரவைத்து, ரொட்டி சானாயை எட்டாகப் பிய்த்துப் பின்னம் சொல்லிக் கொடுத்தீர்கள். மணி பார்க்கத் தெரியாமல் வந்த பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் அளவுக்கு உயர்ந்தார்கள். பெற்றோர் உங்களைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். இவை எல்லாம் பாராட்டுக்குரியவை, எத்தனை மடல் எழுதினாலும் போதாதவை. "ஓய்வறியா உழைப்பே" என்று என் வரைவில் எழுதியும் வைத்திருந்தேன். நீங்கள் செய்யாத குற்றத்துக்கு உங்களை நீங்களே தண்டித்துக்கொண்ட சனிக்கிழமைகள் அவை என்பது அந்த வகுப்பறையில்தான் எனக்கு உறைத்தது. அந்த மதிப்பெண்ணை அன்று யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. அந்தப் படிவம் உங்களுக்கு வராமல் போனதற்குக் காரணம் நான்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தலைமையாசிரியர் ஜெயபாலன் மேசையில் மூன்று படிவங்கள் இருந்தன. பிரேமலாவும் ராஜசேகரனும் நானும் எதிரில் உட்கார்ந்திருந்தோம். "ஜைத்தூன் டீச்சருக்கு ஒண்ணு குடுக்கலாமா?" என்று அவர்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "வேணாம் சார். வெளியூர்க் கூட்டம், முகாம், எல்லாத்துக்கும் போகணும். அவங்க வீட்டுல விட மாட்டாங்க. நாம குடுத்து, அவங்க முடியாதுன்னு சொல்லி, வீண் சங்கடம்." பிரேமலா தலையாட்டினார். ராஜசேகரனும் தலையாட்டினார். கட்டுப்பாடு என்பவரும் பாதுகாப்பு என்பவரும் ஒரே நேரத்தில் தலையாட்டி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மூன்றாவது படிவம் மேசை இழுப்பறைக்குள் போனது. மற்ற இரண்டில் ஒன்றை நான் நிரப்பினேன். பதவியும் எனக்கே வந்தது.

அன்று உங்கள்மேல் இருந்த மரியாதையால்தான் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலிமேல் ஆசை இருந்ததா என்று இப்போது என்னை நானே கேட்டால், இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. உங்கள் வகுப்பறையில் அன்று எல்லோரும் இருக்கும்போது வாய் திறக்காமல் இறங்கி வந்தேன். அதுவும் என் கோழைத்தனம்தான்.

சென்ற செவ்வாய்க்கிழமை இடைவேளையில் தனியாக வந்து எல்லாவற்றையும் சொன்னேன். திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தீர்கள். நீங்கள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வீட்டுல விட மாட்டாங்கன்னு சொன்னீங்களே, யாரச் சொன்னீங்க?"

"ரசீத் அண்ணனத்தான் டீச்சர்."

பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய உங்கள் கணவர் அப்துல் ரசீத், இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானவர். அவரைத்தான் சொன்னேன்.

"அவருகிட்ட யாராவது கேட்டீங்களா?"

"இல்ல டீச்சர்."

"அந்த மனுசன் வருசா வருசம் என்னைத் திட்டுவாரு சார். நீ ஏன் அப்ளை பண்ண மாட்டேங்கிற, உனக்கு என்ன கொறச்சல்னு. எனக்கு ஃபாரமே குடுக்கலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. எனக்கு இஷ்டம் இல்லைன்னு சொல்லிட்டேன். கடைசி வரைக்கும் அத நம்பிக்கிட்டே போய்ச் சேந்துட்டாரு."

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம், அரைகுறையாகச் சொன்ன உண்மையை உங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டாம். தினமும் பள்ளி விடும் நேரத்தில் அவர் வாசலில் காரோடு காத்திருப்பார். "காவல்காரர் வந்துட்டாரு" என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிப்போம். ஒருநாளும் அவரை உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டதில்லை, ஒரு கோப்பித் தண்ணீர் கொடுத்ததில்லை. ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் கார் ஓட்ட உங்களுக்குப் பயம், அதனால் ஷிப்ட் முடித்த தூக்கக் கலக்கத்தோடு அவர் வந்து நின்றார் என்பதைச் செவ்வாய்க்கிழமை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். "அத அப்புறம் பாக்கலாம்," என்றீர்கள். "மொதல்ல அவரு பேரச் சரி பண்ணுங்க. மடல்லயே எழுதுங்க. எல்லார் முன்னாடியும் படிங்க. நஸ்ரின் வருவா, அவ காதுல விழணும்."

நம் தலைமையாசிரியர் தவமணிதேவி அம்மையார் இந்த வரைவைப் படித்தார். "இத ஃபிரேம் போடணுமா?" என்று கேட்டார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். "போடுங்க," என்றார். பிரேமலாவும் ராஜசேகரனும் தத்தம் பெயரை மடலிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. இன்னும் இருவரும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நோர்ஹயாத்தி இன்னும் இருவரையும் மறித்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்த வாதத்துக்கு இந்த மடலில் தீர்ப்பு எழுத எங்களுக்குத் தகுதி இல்லை.

ஆசிரியைப் பெருமாட்டியே, உங்கள் உடல் நலமும் உள்ள உரமும் ஓங்குக. படித்த பிள்ளைகள் பார்த்த இடத்தில் எல்லாம் ஓடி வந்து வணங்கும் பேறு நீளுக. பல்லாண்டு பல்லாண்டு நீங்கள் நினைத்தபடி நினைத்த இடத்துக்குப் போய் வந்து நிறைவாக வாழ வேண்டும் என்று எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம். மன்னிப்பை இன்று எதிர்பார்க்கவில்லை. அதைத் தருவதும் தராததும் உங்கள் விருப்பம்.

அவையோரே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் மகள் நஸ்ரின் அவர்களே, செவிகொடுத்துக் கேளுங்கள். மறைந்த அப்துல் ரசீத் அவர்கள் தம் மனைவி ஜைத்தூன் பீவியின் முன்னேற்றத்தை வாழ்நாளில் ஒருநாளும் தடுத்ததில்லை. தடுத்தவர்கள் கீழே கையொப்பமிட்டிருக்கிறோம்.

விஜயன்
பிரேமலா
ராஜசேகரன்

உடன் தலைகுனிந்து நிற்கும்
ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள்
ஸ்கூடாய், ஜொகூர்