மலையில் சொன்ன பேர்

குணவதி: இதுக்கும் மேலயா ஏறணும்?

ஜெயராஜ்: இன்னும் ஆரம்பிக்கவே இல்ல அண்ணி. இதுவரைக்கும் வந்தது தார் ரோடு மாதிரி. கம்பிய நல்லா புடிச்சுக்குங்க.

குணவதி: புடிச்சுப் புடிச்சு உள்ளங்கை செவந்து போச்சு. இதப் போயி வெளையாட்டுன்னு சொல்லிக்கிட்டு ஞாயித்துக்கெழமை தவறாம கெளம்புவீங்களே, நீயும் என் வீட்டுக்காரரும்...

ஜெயராஜ்: சீனி பாய விட்டுட்டீங்க. எங்க ரெண்டு பேரையும் கெடுத்ததே அவருதான்.

முன் ஜீப்பிலிருந்து சீனி முகம்மது: ஜெயராஜ்... கேக்குதா? இங்க ஒரு பெரிய கல்லு சரிஞ்சு கெடக்கு. எடது பக்கம் ஒதுங்காத, ஓரம் பூரா ஈர மண்ணு. டயர கல்லு மேலயே ஏத்திடு.

ஜெயராஜ்: கேக்குது பாய். அண்ணி, அந்த ரேடியோவ கொஞ்சம் இப்படித் திருப்புங்க.

சீனி முகம்மது: தங்கச்சி எப்படி இருக்கு? வாந்தி கீந்தி...

குணவதி: எடுத்தா ஒங்க ஜீப்பு மேலதான் எடுப்பேன்னு சொல்லு.

ஜெயராஜ்: நல்லா இருக்காங்க பாய்.

சீனி முகம்மது: பின்னால வர்ற அந்த பேங்க் ஆளுங்களுக்கும் சொல்லிடுலா. புது சுசுக்கி. பள்ளத்துல விட்டுட்டு அழப் போறாங்க.

ஜெயராஜ்: சொல்லிடறேன்... அண்ணி, தல முட்டாம பாத்துக்குங்க. இப்ப ஒரு குலுக்கு குலுக்கும்.

குணவதி: ஐயோ... முருகா...

ஜெயராஜ்: அவ்வளவுதான். ஏறியாச்சு.

குணவதி: நீ ஏன் இப்பல்லாம் வீட்டுப் பக்கமே வர்றதில்ல?

ஜெயராஜ்: ஒர்க்‌ஷாப்புல வேல அண்ணி.

குணவதி: ஒரு வருஷமாவா? தீவாளிக்குக்கூட ஒன் பொண்டாட்டிதான் பலகாரத்தோட உள்ள வந்தா. நீ காடியிலயே ஒக்காந்திருந்தியாம்.

ஜெயராஜ்: பார்க்கிங் இல்ல...

குணவதி: எங்க லோரோங் சந்துல பார்க்கிங் இல்லியா?

ஜெயராஜ்: எறக்கம் வருது. கம்பிய விடாதீங்க.

குணவதி: விடல. நீ பேச்ச மாத்தாத.

ஜெயராஜ்: அண்ணன் தெவசத்துக்கு நான் வரலன்னு கோவமா?

குணவதி: கோவமில்ல தம்பி. கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தவன், ஒரு பூ போட வரலியேன்னு... சொந்தக்காரங்க கேட்டாங்க. ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன்.

ஜெயராஜ்: ம்...

சீனி முகம்மது: ஜெயராஜ், நில்லு, நில்லு. வண்டி எறங்கிடுச்சு எனக்கு. அச்சு வரைக்கும் சேறு. கேபிள மரத்துல கட்டித்தான் இழுக்கணும். நீ அங்கயே இரு, கிட்ட வராத.

ஜெயராஜ்: நான் வரட்டா?

சீனி முகம்மது: வேணாம். ஆளு இருக்கு. நீ தங்கச்சிகூட இரு.

குணவதி: ...இந்த எடந்தானே?

ஜெயராஜ்: எப்படித் தெரியும்?

குணவதி: இஞ்சின நிறுத்துனதுலேருந்து நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

ஜெயராஜ்: ஆமா. அந்த டுரியான் மரத்துக்குக் கீழ.

குணவதி: சொல்லு.

ஜெயராஜ்: எல்லாம் தெரிஞ்சதுதானே அண்ணி.

குணவதி: நேர்ல பாக்கணும்னுதானே ஒங்கூட வந்தேன். சொல்லு.

ஜெயராஜ்: மொத நாளு ராத்திரி பூரா மழ. கடைசி வண்டி சிக்கிக்கிச்சு. கேபிள் மாட்ட நான் எறங்குனேன். அண்ணந்தான் தோளப் புடிச்சு இழுத்தாரு. 'நீ புள்ளகுட்டிக்காரன், ஒக்காரு, எனக்கென்ன'ன்னுட்டு அவரு போனாரு... மேலேருந்து மண்ணு மொத்தமா வந்துச்சு. கையாலயே தோண்டி நெஞ்சு வரைக்கும் எடுத்துட்டோம். பாய் ஆளக் கூப்பிட கீழ கம்போங் கிராமத்துக்கு ஓடுனாரு. மத்தவங்க மண்ணு வாரிக்கிட்டு இருந்தாங்க. தலைய மடியில வெச்சுக்கிட்டு நான்தான்...

குணவதி: பேசுனாரா?

ஜெயராஜ்: அன்னைக்கே சொன்னேனே. உங்க பேர சொன்னாரு. 'குணவதி, குணவதி'ன்னு. அப்புறம் கண்ணு மூடிட்டாரு.

குணவதி: ம்.

ஜெயராஜ்: தண்ணி குடிக்கிறீங்களா?

குணவதி: தம்பி... பத்தொம்பது வருஷம் அந்த மனுஷன்கூட குடும்பம் நடத்துனேன். ஒரு நாளு என்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'இந்தா'ன்னுவாரு. பாசார்ல கூட்டத்துல தொலைஞ்சு போனாக்கூட 'இந்தா, இந்தா'ன்னுதான் கத்துவாரு. பாதி பொம்பளைங்க திரும்பிப் பாப்பாங்க.

ஜெயராஜ்: சாகுற நேரத்துல மனுஷன் எப்படியோ...

குணவதி: நீ பொய் சொல்றே. அன்னைக்கு சாவு வீட்டுலயே எனக்குத் தெரியும். சொல்லிட்டு என் மொகத்தப் பாக்கல நீ.

ஜெயராஜ்: விடுங்க அண்ணி.

குணவதி: என்னத் திட்டுனாரா? காலையில போக வேணாம்னு சண்ட போட்டேன். சாப்பாடுகூட கட்டிக் குடுக்கல... அதச் சொன்னாரா?

ஜெயராஜ்: ச்சே... அதெல்லாம் இல்ல.

குணவதி: அப்ப என்ன சொன்னாரு? படுத்தா கண்ணு மூட முடியல ஜெயராஜ். மண்ணுக்குள்ள கெடந்துகிட்டு என்ன சொல்லியிருப்பாரு, என்ன சொல்லியிருப்பாருன்னே...

ஜெயராஜ்: தெரிஞ்சா இதவிட கஷ்டப்படுவீங்க.

குணவதி: இதவிடவா?

சீனி முகம்மது: கேபிள் இறுகிடுச்சு. இழுக்கப் போறோம். யாரும் கீழ எறங்காதீங்க, அறுந்தா ஆள வெட்டிடும்.

ஜெயராஜ்: சரி பாய்.

குணவதி: சொல்லுப்பா.

ஜெயராஜ்: ...வேற பேரு சொன்னாரு.

குணவதி: யாரு பேரு?

ஜெயராஜ்: ஒரு பொம்பள பேரு. என்ன அவருக்கு அடையாளமே தெரியல. எனக்குப் பின்னால யாரோ நிக்கிற மாதிரி பாத்தாரு. 'தவமணி வந்திருக்கா பாரு'ன்னாரு. 'எங்கடி போயிருந்தே இத்தன நாளா'ன்னு கேட்டாரு... அந்த வலியிலயும் சிரிச்சாரு அண்ணி. அப்படி அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அப்படியே போயிட்டாரு. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. உங்கள மாதிரி ஒருத்தர வீட்டுல வெச்சுக்கிட்டு... இத்தன வருஷம் பழகியும் எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல. யாரு என்னன்னு விசாரிக்கவும் பயம். உங்க படி ஏறுனா வாய் தவறி வந்துடுமோன்னுதான் வரல. படத்துக்கு மால போடவும் எனக்குக் கை வரல அண்ணி. அதான் நெசம். அண்ணி... அழாதீங்க. நான் சொல்லியிருக்கக் கூடாது. கிறுக்கன் நான்.

சீனி முகம்மது: ஜெயராஜ், ஏறியாச்சு. நீ வரலாம்லா.

ஜெயராஜ்: கொஞ்சம் இருங்க பாய்.

சீனி முகம்மது: என்னப்பா, வண்டி கோளாறா?

ஜெயராஜ்: இல்ல பாய்... சும்மா நிக்கிறோம்.

சீனி முகம்மது: ...சரி. மெதுவா வாங்க.

குணவதி: இன்னொரு தடவ சொல்லு.

ஜெயராஜ்: எத?

குணவதி: அவரு சொன்னத. சிரிச்சாருன்னியே.

ஜெயராஜ்: எதுக்கு அண்ணி...

குணவதி: சொல்லேன்.

ஜெயராஜ்: 'தவமணி வந்திருக்கா பாரு'... 'எங்கடி போயிருந்தே'... யாரு அண்ணி அவ? உங்களுக்குத் தெரிஞ்சவளா?

குணவதி: நான் பெத்த பொண்ணு. சுங்கை பாக்காப் தோட்டத்துல இருந்தப்ப, வருஷக்கணக்கா புள்ள இல்லாம, தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கிட்டுப் பொறந்தா. தவமிருந்து கெடச்சவன்னு அவருதான் அந்தப் பேர வெச்சாரு. நடக்கக்கூட ஆரம்பிக்கல... காய்ச்சல்ல போயிட்டா. பொதைச்சுட்டு வந்த கையோட தோட்டத்த விட்டு பினாங்குக்கு வந்துட்டோம். இனிமே வீட்டுல அந்தப் பேர எடுக்கக் கூடாதுன்னுட்டாரு. அதுக்கப்புறம் ஒரு நாளு, ஒரு வார்த்த, அவ பேச்சே எடுத்ததில்ல. மறந்துட்டாருன்னு நெனச்சு... இத்தன வருஷமும் நான் அந்த மனுஷன மன்னிக்கவே இல்ல தம்பி.