பூனை நுழையாத அடுப்பங்கரை

எல்லார் கையிலும் செல்போன் வராத காலம். காலை ரயிலில், திருவொற்றியூரில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள். வண்டி கிளம்பியதும் இளையவள் சொன்னாள்:

“நெத்திலி தல போட்டும் எங்க வூட்டுப் பூனை அடுப்பங்கரைக்கு வரலக்கா.”

“ஒடம்பு சரியில்லியோ இன்னாவோ.”

“நல்லாத்தான் கீது. வாசப்படியிலயே நின்னுகினு கத்துது. கொழம்பு பொங்கி அடுப்பு அணைஞ்சுபோச்சு. நேரமாச்சுன்னு சட்டிய எறக்கி வெச்சுட்டு, தட்டக் காட்டிக் கூப்ட்டேன். உள்ள மோந்து பாத்துட்டு ஓடிச்சு. அதுக்கும் கம்பெனி கேஸ் நாத்தம் புடிக்கல போல.”

“காலைல நாத்தமா அடிச்சுது?”

“தாங்கலக்கா. நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற மனுஷன் நிம்மதியா தூங்கட்டும்னு ஜன்னலெல்லாம் இறுக்கி சாத்திட்டு வந்தேன்.”

தலைமுடியை முடிந்துகொண்டிருந்த மூத்தவள் கையை இறக்கினாள்.

“எங்க வூட்ல ஒண்ணும் அடிக்கலியேடி. இன்னிக்குக் கடல் காத்து. கம்பெனி கடலுக்கு எதிர்ப்பக்கம், அந்தாண்ட கீது. அந்த நாத்தம் நம்ம பக்கம் எப்டி வரும்?”

இளையவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அணைஞ்ச அடுப்ப ஆஃப் பண்ணியா?”

தண்டையார்பேட்டை வருவதற்குள் அவள் எழுந்து கதவருகே போய் நின்றுவிட்டாள். மூத்தவள் பின்னாலேயே போனாள்.

“அவரு எப்ப வருவாரு?”

“இந்நேரம் வந்திருப்பாருக்கா. வந்தவொடனே டீ போடுவாரு.”