பூட்டு விடாது

ஒற்றெழுத்தைக் கவனிக்காதவர்கள் பால் பாத்திரத்தையும் மூடி வைப்பதில்லை. முப்பத்தோராண்டு தமிழாசிரியையாக இருந்து நான் கண்டது இது.

ஆகையால், ஆய்வாளர் ஜெஸ்ஸி அவர்களே, உங்கள் அறிக்கையை முதலில் திருத்தித் தருகிறேன். ‘மெக்கானிக் பூபாலன் அலட்சியமாக பழுது பார்த்ததால் ரவிச்சந்திரன் உயிரிழந்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘அலட்சியமாகப் பழுது’ என்று ஒற்று மிக வேண்டும். அதைவிடப் பெரிய பிழை, பூபாலனை அந்த வாக்கியத்தில் நிறுத்தியது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்த வாக்கியத்தில் நிற்க வேண்டியவள் நான். பதறாமல் படியுங்கள், வாக்கியங்களைச் சிறியனவாகவே அமைத்திருக்கிறேன்.

என் கணவர் ரவிச்சந்திரன் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் கணக்காய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய ஜீப் வந்து நின்றது. இயந்திரம் பின்சக்கரங்களை மட்டும் சுழற்றும் வகை. ஞாயிறுதோறும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய மணலில் அதை ஓட்டுவார். நான் நாளிதழும் சிவப்புப் பேனாவுமாக நிழலில் அமர்ந்திருப்பேன். மகிழ்ச்சியான ஞாயிறுகள் என்றே சொல்ல வேண்டும்.

பின்னால் சத்தம் வருகிறதென்று ஜீப்பைப் படாளத்தில் பூபாலனிடம் விட்டிருந்தார். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, கணவர் முடி திருத்தச் சென்றிருந்த வேளையில், பூபாலன் வண்டியைக் கொண்டுவந்தார்.

“வேல முடியலமா. நான் சொல்றதுக்குள்ள ‘வண்டிய கொண்டா’ன்னு சாரு போன வெச்சிட்டாரு.”

என்ன பழுது என்று கேட்டேன்.

“டிஃபரன்ஷியல்ல லாக்கு கீதுல்ல? மணல்ல ஒரு வீலு சும்மா சுத்துச்சுன்னா, லாக்கு வுழுந்து ரெண்டு வீலையும் ஒண்ணா கட்டிப் புடிச்சிக்கும். அதான் வண்டி வெளிய வருது. ரோட்டுக்கு வந்தா வுட்டுடணும். வளைவுல ரெண்டும் வேற வேற வேகத்துல சுத்தணும்ல? இது பழசாயிடுச்சி, வுட மாட்டேங்குது. ஜிஎஸ்டி ரோடு நேரா கீது, அதான் மெதுவா ஓட்டிக்கினு வந்துட்டேன். மழைல, வளைவுல, வேகமா ஒடிச்சாருன்னா பின்பக்கம் பிச்சிக்கினு பூடும். கவுந்துடும்மா.”

இவ்வளவு தெளிவாக என் மாணவர்களில் பலர் விடை சொன்னதில்லை. எழுதித் தரச் சொன்னேன்.

“டீச்சருக்கு எழுதிக் குடுக்கறதா? பேஜாரா போச்சு,” என்று சிரித்தபடி எழுதினார். ‘லாக்கு வுடாது. ஓடும். வளைவுல பாத்து.’

எங்கள் வீட்டில் ஒரு நடைமுறை உண்டு. வெளியிலிருந்து வரும் சீட்டு எதுவாயினும், நான் பிழை நீக்கிப் படியெடுத்த பின்னரே சாவி மாட்டும் ஆணியில் ஏறும். கணவர் அந்தப் படியையே படிப்பார். அன்றும் படியெடுத்தேன்: ‘பூட்டு விடாது ஓடும். வளைவில் பார்க்கவும்.’

‘லாக்கு’ என்பதைத் தமிழாக்கியது தவிர, சொற்கள் அனைத்தும் பூபாலனுடையவை. ‘விடாது’ என்பது தனித்து நின்றால் வினைமுற்று. பிடித்ததைக் கைவிடாது என்று பொருள். அடுத்துள்ள முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டால் அது வினையெச்சம். மழை விடாது பெய்தது என்கிறோம் அல்லவா, அவ்வாறே பூட்டு தடையின்றி ஓடும் என்றாகிவிடும். ‘பாத்து’ என்பதோ முடிவின்றித் தொங்கிக்கொண்டிருந்தது. அதை முடித்து வைத்தேன். கவனம் என்றது, சோதித்துப் பாருங்கள் என்றாயிற்று. முற்றை எச்சமாக்கினேன், எச்சத்தை முற்றாக்கினேன். ஒரு புள்ளிதான் செலவு.

கணவர் வந்து படித்தார்.

“பூபாலன் கில்லாடிதான் லோகா. வளைவுல பாக்கணுமாம்ல? நாளைக்கே பாத்துடுவோம்.” பிறகு வழக்கம்போலக் கேட்டார்: “இதுல ‘பயன்பாட்டிற்க்கு’ ஒண்ணும் இல்லியே?”

இதற்கு விளக்கம் தேவை. ஆறாண்டுகளுக்கு முன் எங்கள் நகர்ச் சங்கத்தின் குடிநீர்த் தொட்டிக்குக் கல்வெட்டு வாசகம் எழுதிக் கொடுத்தவள் நான். ‘பொதுமக்கள் பயன்பாட்டிற்க்கு’ என்று கல்லில் வந்துவிட்டது. ‘ற்’ என்னும் மெய்யை அடுத்து இன்னொரு மெய் வராது என்பது ஆறாம் வகுப்புப் பாடம். கல்தச்சரின் பிழை. திறப்பு விழாவில் கணவர் அதை ஒலிபெருக்கியில் படித்துக் காட்டினார். அனைவரும் சிரித்தார்கள். அன்றுமுதல் வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும், காப்பி ஆறுவதற்குள், அதைச் சொல்லிவிடுவார். நான் கோபித்துக்கொண்டதில்லை. கோபம் ஒழுங்கற்றது.

ஞாயிறு காலை தூறிக்கொண்டிருந்தது. தயிர்சாதமும் நார்த்தங்காயும் கட்டிக் கொடுத்தேன்.

“நீ வரலியா?”

“முழங்கால் வலிக்கிறது.”

“அப்ப வூட்லயே இரு, வழுக்கப் போவுது,” என்றார். ‘வழுக்க’ என்பதில் ழகரத்தைச் சரியாகவே உச்சரித்தார்.

செங்கல்பட்டைத் தாண்டித் திருக்கழுக்குன்றம் சாலையில், ஏரிக்கரை வளைவில், சோதித்துப் பார்த்திருக்கிறார். பதினொரு மணிக்கு உங்கள் காவலர் வந்தார். அதற்குள் நான் அரிசி களைந்திருந்தேன். ஒரு ஆளுக்கு மட்டும். ‘ஓர் ஆளுக்கு’ என்பதே சரி. எழுதும்போது கை சற்று அவசரப்பட்டுவிட்டது.

பூபாலனின் சீட்டை அகராதிக்குள் வைத்திருந்தேன். என் படி ஆணியிலேயே இருந்தது. இரண்டையும் இணைத்துள்ளேன். உங்கள் வாக்கியத்தை இவ்வாறு திருத்திக்கொள்ளுங்கள்: எழுவாய், நான். செயப்படுபொருள், என் கணவரை. பயனிலை, கொன்றேன்.

காரணம் என்று ஏதும் எழுத வேண்டாம். அப்படி ஒன்று இல்லை. ஆனால் கல்வெட்டிலுள்ள பிழை கல்தச்சருடையது என்பதை மட்டும் அறிக்கையின் முதல் வரியாகச் சேர்த்துவிடுங்கள். அவருக்கு நான் எழுதிக் கொடுத்த தாள் அலமாரியில், உறையிட்டு, பத்திரமாக இருக்கிறது. இந்த ஆறாண்டுகளில் அதைப் பிரித்துப் பார்க்கும் தேவை எனக்கு ஏற்படவில்லை.