செல்சியஸில் போட்ட கணக்கு

— நிறுத்து. பேனாவைக் கீழ வை. அறுநூறு மில்லி வாயு எப்படிடி ரெண்டாயிரத்து எண்ணூறு மில்லி ஆகும்?

— சூடாக்கினா விரியும்னு நீதானே அண்ணா சொன்ன.

— விரியும்னுதான் சொன்னேன். வீட்டை விட்டு ஓடிப்போயிடும்னு சொல்லல. இருபத்தேழு டிகிரி, நூத்து இருபத்தேழு டிகிரி ஆகுது. நீ என்ன பண்ணியிருக்க?

— நூத்து இருபத்தேழை இருபத்தேழால வகுத்து, அறுநூறால பெருக்கினேன்.

— செல்சியஸ்லயேவா?

— கேள்வியில அப்படித்தானே இருக்கு.

— தாயே, கேள்வியில அப்படித்தான் இருக்கும். நாமதான் கெல்வினுக்கு மாத்தணும். காலையிலேருந்து தொண்டை வத்தக் கத்திட்டிருக்கேன். கூட எதைச் சேர்க்கணும்?

— ஏதோ ஒரு நம்பர். பெரிய நம்பர்.

— இருநூத்து எழுபத்து மூணு, குட்டிமா.

— அப்பா, நீங்க பேசாம படுங்க. அவதான் சொல்லணும்.

— என்னவோ போடா. ஏணியிலேருந்து விழுந்த நாள்லேருந்து இந்தக் கட்டிலே கதின்னு கிடக்கேன். காலு ஓடல, காதாவது ஓடட்டுமே. சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு எனக்கே பாடமாயிடுச்சு. நாளைக்குப் பரீட்சையை நான் போய் எழுதட்டுமா?

— நீங்க எழுதினாத்தான் உருப்படும்போல இருக்கு. சரி, இந்தா, இதைவிடச் சுலபமா கேக்க எனக்குத் தெரியாது. வெப்பநிலை மாறல. அழுத்தம் ரெண்டு, கன அளவு மூணு லிட்டர். அழுத்தத்தை ஆறாக்கினா எத்தனை லிட்டர்?

— ஒன்பது.

— அமுக்கினா பெருக்குமா? நீ சைக்கிளுக்குக் காத்தடிச்சிருக்கியா இல்லையா?

— அடிச்சிருக்கேன்.

— பம்போட வாயை விரலால மூடிக்கிட்டு அமுக்கினா, உள்ள இருக்கிற காத்து என்ன ஆகும்?

— வெளிய வரப் பார்க்கும்.

— ஐயோ. சுருங்கும்டி, சுருங்கும். மூணு லிட்டர் ஒரு லிட்டரா ஆகும். உன் மண்டைக்குள்ள என்னதான் வெச்சிருக்க?

— அதானே, நான்தான் மக்குன்னு தெரியுமில்ல. விட்டுடேன்.

— விடுறதா? நாளைக்கு ஹாஸ்டல் ஸ்கூல் நுழைவுப் பரீட்சையை வெச்சுக்கிட்டு விடுறதா? கடைசியா ஒண்ணு. நானே போடுறேன். நீ பார்த்தா மட்டும் போதும், புண்ணியமாப் போகும், வாயைத் திறக்காத. வாயு ஆறு லிட்டர், அழுத்தம் ரெண்டு, இருபத்தேழு டிகிரி. அழுத்தத்தை மூணாக்குறோம். நூத்து எழுபத்தேழு டிகிரிக்குச் சூடும் பண்றோம். ஆறை ரெண்டால பெருக்கி, மூணால வகுத்தா நாலு. விடை நாலு லிட்டர். எழுதிக்கோ.

— நாலு எப்படி வரும்? ஆறேதான்.

— என்ன சொன்ன?

— அழுத்தம் ஒன்றரை மடங்கு. கெல்வின்ல பார்த்தா முந்நூறு நானூத்தம்பது ஆகுது, அதுவும் ஒன்றரை மடங்கு. அது சுருக்கினதை இது விரிச்சிடுது. நீ வெப்பநிலையைக் கணக்குலயே சேர்க்கல.

— தெரியும். வேணும்னுதான் விட்டேன்.

— அண்ணா...

— பேனாவைத் தொடாம மனசுலயே போட்டுட்ட. அப்ப காலையிலேருந்து என் உயிரை வாங்கினது எதுக்கு?

— மெதுவா பேசு. அப்பாவுக்குக் கேக்கும்.

— நாளைக்கு அங்கேயும் ஒன்பது லிட்டர்னுதான் எழுதப்போறியா?

— ஆமா. திடீர்னு ஃபெயிலானா உங்களுக்குச் சந்தேகம் வரும். முதல்லயே மக்குன்னு நம்பிட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டீங்க.

— அறிவிருக்கா உனக்கு? அந்த ஹாஸ்டல் ஸ்கூல்ல இடம் கிடைக்காதான்னு ஊரே தவம் கிடக்குது. படிப்பு, சாப்பாடு, தங்குற இடம் எல்லாம் அவங்களே பார்த்துக்கிறாங்க.

— அதுக்கு நான் இங்கேருந்து போகணுமே. அம்மா மதியம் வேலைக்குப் போனா இருட்டினப்புறம்தான் வர்றா. அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கணும், தூக்கி உட்கார வைக்கணும். ஒரு ஆளா எப்படிச் செய்வ? போன வாரம் தனியா தூக்கிட்டு, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சுவரோரமா நின்னியே, நான் பார்க்கலைன்னு நினைச்சியா?

— அது சும்மா சுளுக்கு.

— எனக்கும் சும்மா கணக்கு வரல.

— டேய், என்ன சத்தத்தையே காணோம்? இருநூத்து எழுபத்து மூணைச் சேர்த்தாளா?

— சேர்த்துட்டாப்பா. சரியா போட்டுட்டா.

— அப்படிச் சொல்லு. என் பொண்ணாச்சே. கொஞ்சம் தூங்குறேன், கதவைச் சாத்துங்க.

— சாத்திட்டேன். இப்பச் சொல்லு, நாளைக்கு ஒழுங்கா எழுதுவியா மாட்டியா?

— மாட்டேன். நீ ரொம்பப் பேசாத அண்ணா. போன வருஷம் இதே பரீட்சையை நீயும்தானே எழுதின. உனக்குக் கிடைச்சிருந்தா நீ போயிருக்க மாட்டியா?

— எனக்குத்தான் கிடைக்கலையே.

— அதான் எனக்குப் புரியல. இந்தக் கணக்கெல்லாம் உனக்குத் தண்ணி பட்ட பாடு. தப்பா போட்டுக்காட்டக்கூடத் தெரியுது. அப்புறம் எப்படி ஃபெயிலான?

— அப்பா விழுந்த சமயம். கவலையில எல்லாம் மறந்துபோச்சு. அம்மா எல்லார்கிட்டயும் அப்படித்தானே சொன்னா?

— அம்மா சொன்னதைக் கேக்கல. நீ சொல்லு. ஏன் அங்க பார்க்குற? என்னைப் பார்த்துச் சொல்லு.

— இந்த வீட்டுல வேணும்னே ஃபெயிலாக ஒரு ஆள் போதும்டி. அந்த இடம் போன வருஷமே நிரம்பிடுச்சு.