தகரப் பெட்டியில் மூன்று கடிதங்கள்

நோர்வூட்,
4.9.1963

பேராசிரியர் ஐயா அவர்களுக்கு,

இங்கே மூன்று நாளாக மழை. தாள் நமுத்திருக்கிறது, மை பரவியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

செல்லசாமிக்குத் தாங்கள் எழுதிய கடிதம் எங்கள் கடை விலாசத்துக்கு வந்தது. வழக்கப்படி நானே பிரித்தேன். இந்தியாவும் சீனாவும் மோதிக்கொண்ட பிறகு, சீன அரசியலும் வெளியுறவும் கற்பிக்க பல்கலைக்கழகத்தில் ஆள் தேவைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். விசாரணை அறிவித்தலை அவன் குடும்பம் அறியவில்லை என்பதற்குச் சான்று இருந்தால், இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மறுபடி முயலலாம், அப்படி ஏதும் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சான்று இருக்கிறது.

நான் ஸுஹைர், கடைக்காரர் மகன். நானும் அவனும் பள்ளியில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தோம். எட்டாம் வகுப்புவரை நான் முதலாவது, அவன் இரண்டாவது. பிறகு வாப்பா என்னைக் கடையில் உட்காரவைத்தார். அவன் பேராதனைப் பல்கலைக்கழகம்வரை போனான்.

அவன் அப்பா நல்லமுத்துவுக்கு எழுத்துத் தெரியாது. லயத்து வீடுகளின் கூரை ஒழுகும் என்பதால், தேயிலைத் தோட்டத்து ஆட்கள் முக்கியமான காகிதங்களை எங்கள் கடைத் தகரப் பெட்டியில்தான் வைப்பார்கள். வருகிற கடிதங்களை நான் வாசித்துச் சொல்வேன். மகனுடையதும் அப்படித்தான். நாம் ரப்பர் அனுப்புகிறோம், சீனா அரிசி அனுப்புகிறது, அது எப்படி நடந்தது என்பதையே படிக்கிறேன் என்று ஒருமுறை எழுதியிருந்தான்.

"எம்மவன் அவனுகளப் பத்திப் படிக்கிறது அந்தச் சீனாக்காரனுகளுக்குத் தெரியுமா நானா?" என்று நல்லமுத்து சிரித்தார். முஸ்லிம் கடைக்காரர் மகன் என்பதால் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். திரும்பவும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

1957 மார்ச்சில் இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்று அவனுடையது. தாங்கள் அவனை மேற்படிப்புக்கு லண்டன் அனுப்பப்போவதாக எழுதி, முடிவில், "ஸுஹைர் என்னைவிடக் கெட்டிக்காரன். பாவம், கடையோடு போய்விட்டான்" என்றிருந்தான். அதையும் நான்தான் உரத்து வாசிக்க வேண்டியிருந்தது.

மற்றது ஆங்கிலத்தில். குடும்பத்துக்காக நல்லமுத்து கொடுத்திருந்த பிரஜாவுரிமை விண்ணப்பம் பற்றி ஏப்ரல் ஒன்பதாம் தேதி விசாரணைக்கு வரும்படி அழைப்பு.

"என்னா சொல்றாங்க நானா?"

"பொறுத்திருக்கச் சொல்றாங்க."

"பொறுக்கிறதுக்கென்ன, பொறந்ததுலேருந்து அதானே வேல. பொட்டியில வச்சிருங்க."

வைத்தேன். வராததற்குக் காரணம் கேட்டு வந்ததையும், விண்ணப்பத்தை நிராகரித்து வந்ததையும் அதே மாதிரி வாசித்து, அதே இடத்தில் வைத்தேன். தேதி வாரியாக இருக்கின்றன.

மறு வருடம் பிரஜாவுரிமை இல்லையென்று பாஸ்போட் மறுக்கப்பட்டு, செல்லசாமி அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"டேய், கடுதாசி வந்துச்சு, நீதான் படிச்சேங்கறாரு. வந்துச்சாடா?"

"அப்படி ஒண்ணும் வரல்ல. அப்பாவுக்கு வயசாயிருச்சு."

நல்லமுத்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நானா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி செல்லசாமி கேட்கவில்லை, சிநேகிதன் அல்லவா. அதன்பின் அவன் அப்பாவோடு பேசவில்லை. அடுத்த மழைக்கு அவர் போய்விட்டார். கொள்ளி வைக்க அவனைச் சமாதானப்படுத்தி அழைத்துவந்தது நான்.

ஐந்து வருடமாக அவன் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிறான். மாலையில் கடைக்கு வந்து பத்திரிகையில் வரும் சீனச் செய்திகளை எனக்கு விளக்குவான். நான் குறித்துக்கொள்வேன். எட்டுக் கொப்பிகள் நிறைந்துவிட்டன. இப்போது, இந்தியாவுக்கே போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். பத்திரத்தை நான்தான் நிரப்பினேன். தங்கள் கடிதத்தைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. புறப்படுகிறவனின் மனதைக் கலைப்பது சரியல்ல.

இந்தியாவுக்குக் கப்பலேற, வெள்ளிக்கிழமை அவனைத் தலைமன்னார் ரயிலில் ஏற்றிவிடுவேன். மூன்று கடிதங்களையும் இணைத்து இதைச் சனிக்கிழமை தபாலில் சேர்ப்பேன்.

பொறாமையால் செய்தேன் என்று ஐயா எண்ணக்கூடும். அப்படியல்ல, வரிசை தவறிப்போயிருந்தது, அவ்வளவுதான். சீன அரசியல் கற்பிக்கும் அந்த இடம் இன்னும் காலியாக இருந்தால், வகுப்பில் முதலாவதாக வந்தவன் நான் என்பதைக் கவனத்தில் கொள்ளவும். கொப்பிகளைத் தனியே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஸுஹைர்